உதடு சேரும் சொல்

குளச்சலில் இன்றைக்கு முப்பத்தி நாலு.
வள்ளத்தின் நிழலுக்குள் நாய்கள்
நாக்கை நீட்டிக் கிடக்கின்றன.
நான் நிற்கும் கதவுக்கு அந்தப்புறம்
மைனஸ் பதினெட்டு.
இடையில் நாலு அங்குலம் தெர்மோகோல்,
ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா, நான்.

உள்ளே போகிறவன் பேர் எழுதணும், நேரம் எழுதணும்,
ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டணும்,
இருபதில் வெளியே இழுக்கணும்.
"நின்னுகிட்டே சம்பளம் வாங்குறா" என்பார்கள்
கணவாய் கழுவுகிற பெண்கள்.
சொல்லட்டும்.

ஆஞ்சலோஸ் வந்தான், லாரியில் பெட்டி இறக்கிவிட்டு நேரே,
முதுகில் ஒட்டிய பனியனோடு.
"மாத்து."
"எட்டி, மேலே கோட்டுதானே வருது."
வேர்வைதான் முதலில் உறையும் என்று அவனுக்குத் தெரியும்.
தெரிந்தபடி நடக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை:
கொச்சிக்குப் போகும் கண்டெய்னர்
வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
திட்டிக்கொண்டே மாற்றினான்.
துணிக் கையுறை, அதன்மேல் ரப்பர்.
காலுறை இரண்டு. தலைக்குக் குரங்குக் குல்லா,
சுற்றுலா போன யாரோ வாங்கி வந்தது,
நெற்றியில் மூணாறு என்று பின்னியிருக்கும்.

ஒன்பது நாற்பது, உள்ளே. இன்றைக்கு மூன்றாம் தடவை.

"சரியா?" என்று கேட்டால்
எவனும் "சரி" என்றுதான் சொல்வான்.
சொல்லிப் பாருங்கள், உதடு சேராமலே சொல்லிவிடலாம்.
குளிருக்குத் தோதான சொல் அது.
அதனால் நான் அவன் மகள் பேரைக் கேட்பேன்.
ம வரவேண்டும், ப வரவேண்டும்,
வாய் மூடித் திறக்கவேண்டும்.

நாற்பத்தைந்து. கதவை ஒரு சாண் திறந்தேன்.
"பேரு?"
"அமலோற்பவ டெல்பின். போட்டீ!"

ஐம்பது.
"அமலோற்பவ… டெல்பின்."
நடுவில் ஒரு மூச்சு அதிகம்.

ஐம்பத்தைந்து.
"அ… அலோற்ற…
ஒம்பது பெட்டிதான் பாக்கி. கை வலிக்கக்கூட இல்ல இப்போ."

அந்த 'இல்ல'தான் எனக்குப் பயம்.
உள்ளே போய்ப் பார்த்தேன்:
ரப்பரும் இல்லை, துணியும் இல்லை.
ஸ்டிக்கர் கையுறையோடு உரிந்து வராது என்று
வெறுங்கையில் உரித்திருக்கிறான்.
விரல் நுனிகள் மெழுகுத்திரி நிறம்.

இழுத்தேன். வரமாட்டேன் என்றான்.
வந்தான், கால் ஒன்றை ஒன்று மிதிக்க.
வெளியே வெயில் வாளி வாளியாகக் கொட்டியது.
நேரே லாரி பானெட்டில் கை வைக்கப் போனான்.
தட்டிவிட்டேன்.
சூடு தெரியாத விரல் வெந்துபோகும்,
அதுவும் தெரியாது.
ஒருத்தன் தேய்க்க வந்தான். ஒருத்தன் பிராந்தி என்றான்.
பிள்ளை குளிப்பாட்டும் பதத்தில்
முழங்கையால் பார்த்த தண்ணீரில் முக்கினேன்.

மேனேஜர் பெர்க்மான்ஸ் வந்து நோட்டைப் பார்த்தார்.
காரணம் என்கிற கட்டத்தில்
"மகள் பேர் வரவில்லை" என்று எழுதியிருந்தேன்.
இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது பெட்டி யார் எடுப்பது என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் விரலுக்கு ரத்தம் திரும்பியது.
ஆயிரம் ஊசி. ஆஞ்சலோஸ் அழுதான்,
நாற்பது வயது ஆண், கணவாய்ப் பெண்கள் பார்க்க.
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒன்பது பெட்டியை நான் எடுத்தேன்.
கோட்டு எனக்கு முட்டிவரை. மூணாறு கண்ணை மறைத்தது.
துண்டு சுற்றிய கையோடு அவன் கதவடியில் உட்கார்ந்தான்.
"நான் உன்னிட்ட என்ன கேக்க?"
யோசித்தேன்.
"ஓணத்துக்கு வாங்கின கடன் எவ்வளவுன்னு கேளு."

இடது கையால் தட்டினான்.
"எவ்வளவுட்டி?"
புகையாய்ப் போகும் மூச்சுக்குள்ளிருந்து
சத்தமாகச் சொன்னேன்:
"எம்பது ரூபா."
உதடு சேர்ந்தது. மறுபடியும் சேர்ந்தது.
"முப்பது தந்தேனே" என்றான்
கதவு இடுக்கில்.